இங்கிலாந்தில் மரத்தில் கை வைக்குமுன்: தெருமரம், பூங்கா மரம், தோட்டத்து மரம்

ஊரில் முருங்கைக் கிளை மதில் தாண்டி வந்தால் அரிவாளை எடுத்து இரண்டு வெட்டு. பக்கத்து வீட்டில் முகம் கோணினால் ஒரு கட்டுக் காய் கொடுத்துச் சமாதானம். லண்டனில் அந்தக் கணக்கு செல்லாது. புதிதாக வீடு வாங்கியவர் கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு விழும்: மரம் வெட்டித் தரப்படும், இன்றைக்கே, ரொக்கம். சனிக்கிழமை மரம் போய்விடும். அடுத்த வாரம் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலில் இருந்து கடிதம் வரும். பாதுகாக்கப்பட்ட மரத்தை அழித்ததற்கான அபராதத்துக்கு இங்கே மேல்வரம்பு கிடையாது. ரம்பம் பிடித்தவர் மாட்டுவதைப் போலவே வெட்டச் சொன்னவரும் மாட்டுவார்.

கீழே இருப்பவை இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பணத்தை இழப்பவர்களில் பெரும்பாலோர் ஏழாம் படியில், அதாவது ஆள் பிடிப்பதில், தொடங்கியவர்கள்தான்.

1. மரம் யாருடையது?

அடிமரம் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்துக்காரருக்குத்தான் மரம். கிளை எங்கே போகிறது, பழம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

நடைபாதையில் நிற்கும் மரம் லண்டனில் அந்தந்த பரோ (நகரப் பிரிவு) கவுன்சிலுடையது. சிவப்புக் கோடு போட்ட பெருஞ்சாலைகளில் மட்டும் லண்டன் போக்குவரத்து நிர்வாகமான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுடையது. பூங்கா என்றால் கவுன்சில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிரீனிச், ரிச்மண்ட், புஷி போன்றவை ராயல் பார்க்ஸ் நிர்வாகத்தில் இருக்கின்றன. எப்பிங் ஃபாரஸ்டும் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தும் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனுடையவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் புல்வெளி வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் அசோசியேஷனுடையதாக இருக்கலாம். தவறான இடத்துக்குப் புகார் அனுப்பினால் பதில் வராமலே மாதங்கள் போகும்.

எல்லை சந்தேகமாக இருந்தால் நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசு இணையதளத்தில் உங்கள் வீட்டின் டைட்டில் ரெஜிஸ்டரையும் (உரிமைப் பதிவு) டைட்டில் பிளானையும் (எல்லை வரைபடம்) எடுங்கள். ஒவ்வொன்றும் 7 பவுண்டு. தேடுபொறியில் முதலில் வரும் தளங்கள் பல இடைத்தரகர்கள். அதே தாளை மூன்று நான்கு மடங்கு விலைக்கு விற்பார்கள், முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த வரைபடம் காட்டுவது பொதுவான எல்லையைத்தான். அரை மீட்டர் இப்படியா அப்படியா என்ற வழக்கை அது தீர்த்துவைக்காது. மரம் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது என்றால் இருவருக்கும் பொது என்று வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடமும், லீஸ்ஹோல்டில், அதாவது நீண்ட குத்தகையில், வீடு வாங்கியவர் நிலத்துச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரிடமும் கேட்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. அந்த மரத்துக்குப் பாதுகாப்பு உண்டா?

இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

முதலாவது ட்ரீ பிரிசர்வேஷன் ஆர்டர், மரத்தைக் காக்கக் கவுன்சில் போடும் உத்தரவு. இங்கே எல்லோரும் டி.பி.ஓ. என்பார்கள். தனி மரம், மரக்கூட்டம், ஒரு பரப்பு முழுவதும், காடு என நான்கு விதமாகக் கவுன்சில் இதைப் போடலாம். மரம் எந்த இனமாகவும் எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம். கிளையை வெட்டுவது போலவே வேரை வெட்டுவதும் குற்றம். வேலி போடக் குழி தோண்டி, தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இரண்டாவது கன்சர்வேஷன் ஏரியா, பழைய தோற்றத்தைக் காக்கக் குறித்துவைத்த பகுதி. உங்கள் தெரு அதற்குள் இருந்தால், தனியாக ஆர்டர் எதுவும் இல்லாத சாதாரண மரத்தையும் அறிவிக்காமல் தொடக்கூடாது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம் உள்ள மரங்களுக்கு இது பொருந்தும். தையல் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். சுற்றளவு 23.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மாட்டிவிட்டது. அந்த உயரத்தில் மரம் பல தண்டுகளாகப் பிரிந்திருந்தால் ஒரு தண்டு தாண்டினாலே போதும்.

எங்கே பார்ப்பது? பெரும்பாலான கவுன்சில் இணையதளங்களில் பிளானிங் (கட்டட அனுமதி) வரைபடம் இருக்கும். தபால் குறியீட்டை இட்டால் இரண்டும் தெரியும். ஆனால் வரைபடத்தில் புள்ளி இல்லை என்பதை மட்டும் நம்பி ரம்பத்தை எடுக்காதீர்கள், நேற்றுப் போட்ட ஆர்டர் அதில் ஏறியிருக்காது. புதிய டி.பி.ஓ. போட்ட நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும், உறுதிசெய்யக் கவுன்சிலுக்கு ஆறு மாதம் இருக்கிறது. ஆகவே கவுன்சிலில் மரங்களைப் பார்த்துக்கொள்ளும் ட்ரீ ஆபீசருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இந்த முகவரியில் டி.பி.ஓ. அல்லது கன்சர்வேஷன் ஏரியா உண்டா என்று கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வீடு வாங்கும்போது சொலிசிட்டர் கவுன்சில் பதிவேடுகளில் தேடி எடுத்த லோக்கல் சர்ச் தாள்களிலும் டி.பி.ஓ. பதிவாகியிருக்கும். அந்தக் கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பாருங்கள்.

பழைய, பரப்பு முழுவதற்குமான ஆர்டர்களில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆர்டர் போட்ட நாளில் அங்கே நின்ற மரங்களைத்தான் அது காக்கும். 1960-களில் போட்ட ஆர்டருக்குள் பத்து வயது செர்ரி வராது. ஆனால் மரத்தின் வயதை நீங்களே தீர்மானித்துவிடாமல் அதையும் எழுதிக் கேளுங்கள்.

புதுக் குடியிருப்புகளில் மூன்றாவது கண்ணி ஒன்று இருக்கிறது. டி.பி.ஓ. இல்லை, கன்சர்வேஷன் ஏரியா இல்லை, ஆனால் வீடு கட்டியபோது கொடுத்த பிளானிங் அனுமதியின் நிபந்தனையில் இந்த மரங்கள் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கும்.

3. தெருமரம், பூங்கா மரம்: எதைக் கேட்டால் கிடைக்கும்

பொதுமரத்தை நீங்கள் வெட்டுவதோ, ஆள் வைத்து வெட்டுவதோ குற்றம். வேரில் உப்புக் கொட்டுவது, பட்டையைச் சுற்றி உரிப்பது போன்ற யோசனைகளை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குற்ற வழக்கு ஒரு பக்கம் இருக்க, கவுன்சில் மரத்துக்கு விலை போட்டு நஷ்டஈடு கேட்கும். காவட் என்ற மதிப்பீட்டு முறையில் அடிமரத்தின் பருமனை வைத்துக் கணக்கிடுவார்கள். வளர்ந்த மரம் ஒன்று சாதாரணமாகப் பல ஆயிரம் பவுண்டு வரும். 2008-இல் லண்டன் பெர்க்லி ஸ்கொயரில் நிற்கும் ஒரு பிளேன் மரத்துக்கு இந்த முறையில் 7,50,000 பவுண்டு மதிப்புப் போட்டார்கள். ஊரில் வீடு வாங்கலாம், தெருவோடு சேர்த்து.

கவுன்சில் வந்து செய்து தருபவை: பட்ட கிளை, முறிந்து தொங்கும் கிளை, தெருவிளக்கையோ போக்குவரத்துப் பலகையையோ மறைக்கும் கிளை, உங்கள் சுவரையோ கூரையையோ தொடும் கிளை, நடைபாதையில் தலையில் இடிக்கும் கிளை, வேர் தூக்கிவிட்ட நடைபாதைக் கல். லைம் மரத்தின் அடியில் புதர் போலக் கிளம்பும் துளிர்களையும் வெட்டுவார்கள். லைம் என்றதும் எலுமிச்சையை நினைக்க வேண்டாம், இது வேறு மரம்.

கவுன்சில் செய்யாதவை: வீட்டுக்குள் வெளிச்சம் வரவில்லை, சாட்டிலைட் டிஷ்ஷுக்குச் சிக்னல் இல்லை, இலை கொட்டுகிறது, மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை, பறவை எச்சமிடுகிறது. காரின் மேல் பிசுபிசுப்பாக விழுகிறதே, அதுவும் இந்தப் பட்டியல்தான். அது மரத்தின் பிசின் இல்லை, இலையில் சாறு உறிஞ்சும் அசுவினியின் கழிவு. லைம் மரத்தின் கீழ் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இருக்கும். காரை அடுத்த மரத்தடிக்கு மாற்றுவதுதான் மருந்து.

புகார் செய்யும் முறை முக்கியம். கவுன்சில் தளத்தில் 'ரிப்போர்ட் எ ட்ரீ ப்ராப்ளம்' போன்ற பக்கம் இருக்கும். வீட்டு எண், மரத்தில் உலோகத் தகடு இருந்தால் அதன் எண், தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். விளக்கத்தில் ஒரே காரணத்தை எழுதுங்கள், அதுவும் மேலே முதலில் சொன்ன பட்டியலில் உள்ளதாக இருக்கட்டும். கிளை கூரையைத் தொடுகிறது, கூடவே வெளிச்சமும் இல்லை, இலையும் தொல்லை என்று எழுதினால் பின்னிரண்டையும் பார்த்துவிட்டு மறுப்புக் கடிதம் தயாராகிவிடும். குறிப்பு எண்ணைக் குறித்துவையுங்கள். பிறகு கிளை விழுந்து கூரை உடைந்தால், கவுன்சிலுக்கு முன்பே தெரியும் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே தாள் அதுதான்.

நேரம்: அவசரமில்லாத வேலைக்கு மாதக்கணக்கு. பல பரோக்களில் தெருமரங்களுக்கு மூன்று நான்கு ஆண்டுச் சுற்று உண்டு. உங்கள் தெரு முறை எப்போது என்று கேட்டால் சொல்வார்கள்.

அவசரம் என்றால் இணையப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்காதீர்கள். மரம் சாய்கிறது என்றால் கவுன்சிலின் அவசர எண். மின்கம்பியில் விழுந்தால் 105, இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

தெருமரத்தைக் கவுன்சிலே அகற்றப் போகிறது, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. 2023 நவம்பர் 30 முதல் இங்கிலாந்தில் நகரச் சாலை மரத்தை வெட்டுமுன் உள்ளூராரிடம் கருத்துக் கேட்பது சாலை அதிகாரத்தின் கடமை. செத்த மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மரத்தில் கட்டியிருக்கும் அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும்.

ஓக் மரத்தில் வெள்ளை வலைக்கூடும் வரிசையாக ஊரும் மயிர்ப்புழுவும் கண்டால் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். ஓக் பிரசெஷனரி மாத் என்ற அந்தப் புழுவின் மயிர் தோலைத் தடிக்கச் செய்யும், மூச்சுத்திணறலும் வரலாம். லண்டனில் மே முதல் ஜூலை வரை பார்க்கலாம். படம் எடுத்து ஃபாரஸ்ட் ரிசர்ச்சின் ட்ரீ அலர்ட் தளத்தில் ஏற்றுங்கள், பூங்கா நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள்.

4. விண்ணப்பத்தை எழுதுவது

டி.பி.ஓ. மரமோ கன்சர்வேஷன் ஏரியா மரமோ, படிவம் ஒன்றேதான். பிளானிங் போர்ட்டலில் அல்லது கவுன்சில் தளத்தில் கிடைக்கும். கட்டணம் இல்லை. மரத்தின் சொந்தக்காரர் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அடுத்தவர் நிலத்துக்குள் இறங்கி வேலை செய்ய அவர் சம்மதம் வேண்டும்.

தேவைப்படுபவை நான்கு. கையால் வரைந்தாலும் பரவாயில்லை, ஒரு வரைபடம்: வீடு, எல்லை, தெருப்பெயர், மரங்கள் டி1, டி2 என்ற எண்ணோடு. மர இனத்தின் பெயர். செய்யப்போகும் வேலை. காரணமும் அதற்கான சான்றும்.

மூன்றாவதில்தான் விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. கிளையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்றோ, 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றோ எழுதினால் செல்லாது. எதில் 30 சதவீதம்? உயரத்திலா, இலைப்பரப்பிலா? மர வேலைக்கான பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 3998, ஆண்டு 2010. அதன் வழியில் மீட்டரில் எழுதுங்கள். உதாரணமாக: டி1 ஓக், இப்போது உயரம் 14 மீட்டர், கிளைப்பரப்பின் ஆரம் 6 மீட்டர். எல்லாப் பக்கமும் அதிகபட்சம் 2 மீட்டர் குறைத்து உயரம் 12, ஆரம் 4 என முடிப்பது. கீழ்க்கிளைகளை உயர்த்துவது வேறு வேலை, தரையிலிருந்து எத்தனை மீட்டர் வரை என்று எழுதுங்கள். உள்கிளைகளைக் கலைத்து அடர்த்தி குறைப்பது இன்னொரு வேலை. உச்சியை மொட்டையாக வெட்டுவது என்று எழுதினால் மறுப்பு உறுதி. அப்படி வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும், சுற்றிலும் பலவீனமான துளிர்கள் கொத்தாக வந்து சில ஆண்டுகளில் முன்பைவிட ஆபத்தாக நிற்கும்.

காரணம் மரத்தின் நோய், ஆபத்து என்றால் ஒரு ஆர்பரிகல்ச்சரிஸ்ட்டின், அதாவது மர நிபுணரின், எழுத்து அறிக்கையை இணைக்க வேண்டும். வீட்டு விரிசல் என்றால் அது தனிக்கதை, ஒன்பதாம் படியில் இருக்கிறது. இவை இல்லாத டி.பி.ஓ. விண்ணப்பத்தைக் கவுன்சில் பதிவே செய்யாது. பதிவான நாளிலிருந்துதான் காலம் ஓடத் தொடங்கும். இரண்டு வாரம் கழித்துத் தாள் போதவில்லை என்று மின்னஞ்சல் வந்தால் அந்த இரண்டு வாரம் வீண்.

5. காத்திருக்கும் காலம்: ஆறும் எட்டும்

இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதுதான் மிகப் பெரிய தவறு.

கன்சர்வேஷன் ஏரியா மரத்துக்கு நீங்கள் கொடுப்பது அறிவிப்பு, அனுமதி விண்ணப்பம் அன்று. ஆறு வாரம் காத்திருங்கள். அதற்குள் கவுன்சில் மரத்தைக் காக்க விரும்பினால் டி.பி.ஓ. போட வேண்டும். நிபந்தனை விதிக்கவோ மறுக்கவோ அதற்கு வேறு வழி இல்லை. ஆறு வாரம் முடிந்து பதில் வரவில்லை என்றால், அறிவித்த வேலையை மட்டும் செய்யலாம், அறிவித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள்.

டி.பி.ஓ. மரத்துக்கு எட்டு வாரம். இங்கே மௌனம் சம்மதம் ஆகாது. எட்டு வாரம் போனாலும், பத்து வாரம் போனாலும் எழுத்தில் அனுமதி வராமல் கை வைத்தால் குற்றம். உங்களுக்குக் கிடைப்பது மேல்முறையீட்டு உரிமை மட்டும். அனுமதி வந்தால் பொதுவாக இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.

6. அனுமதி தேவையில்லை என்று நினைக்கவைக்கும் இடங்கள்

பக்கத்து வீட்டுக் கிளை உங்கள் பக்கம் வந்தால் எல்லைவரை வெட்டிக்கொள்ளும் உரிமை பொதுச்சட்டத்தில் இருக்கிறது. ஒரு அங்குலம் அந்தப் பக்கம் போகக்கூடாது. வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் மரக்காரருடையவை, வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அகற்ற வேண்டும். கேட்காமல் வேலிக்கு மேலே எறிந்தால் குப்பை கொட்டிய குற்றச்சாட்டு வரும். முக்கியமாக, அந்த மரத்துக்கு டி.பி.ஓ. இருந்தால் உங்கள் பக்கக் கிளைக்கும் கவுன்சில் அனுமதி வேண்டும். பூங்கா மரத்தின் கிளை உங்கள் தோட்டத்துக்குள் வந்தாலும் இதே கதைதான். முதலில் பூங்காக்காரர்களிடம் கேளுங்கள், பல இடங்களில் அவர்களே வந்து வெட்டுவார்கள்.

உயிருள்ள மரத்தில் பட்டுப்போன கிளையை எடுக்க அனுமதி வேண்டாம். மரமே செத்துவிட்டால் ஐந்து வேலைநாள் முன்பு எழுத்தில் தெரிவித்தால் போதும். உடனடி ஆபத்து என்றால் ஆபத்தை நீக்கும் அளவுக்கு மட்டும் வெட்டலாம், முடிந்ததும் கவுன்சிலுக்கு எழுதுங்கள். செத்தது, ஆபத்தானது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஆகவே வெட்டுமுன் நாற்புறமும் படம், அழுகலின் கிட்டத்துப் படம், வேலைக்காரரின் கையொப்பமிட்ட குறிப்பு. அழுகிய துண்டு ஒன்றைச் சில மாதம் கொட்டகையில் போட்டுவைப்பதும் புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் இலை இல்லாததைப் பார்த்து மரம் செத்தது என்று வெட்டியவர்களும் உண்டு. மே வரை பொறுங்கள்.

பழ மரத்தை முறைப்படி கவாத்து செய்வதற்கு விலக்கு உண்டு, வேரோடு வெட்டுவதற்கு இல்லை.

உங்கள் மரமே நடைபாதைக்கு மேல் நீண்டால், கவுன்சில் வெட்டச் சொல்லி அறிவிப்பு அனுப்பலாம். 14 நாள் கெடு. பொதுவாகக் கேட்பது நடைபாதைக்கு மேல் 2.4 மீட்டரும் வண்டிப்பாதைக்கு மேல் 5.2 மீட்டரும் இடைவெளி. செய்யாவிட்டால் அவர்களே வெட்டிவிட்டு உங்களுக்குப் பில் அனுப்புவார்கள்.

7. ஆள் பிடிப்பதும் செலவும்

மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். சின்ன மரத்தைக் குறைக்க இருநூறு முதல் நானூறு பவுண்டு, பெரிய ஓக், பிளேன் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். தெருவில் வண்டி நிறுத்தும் அனுமதி, பின்தோட்டத்துக்குப் பக்கவழி இல்லாமல் கட்டைகளை வீட்டுக்குள்ளே சுமந்து வருவது ஆகியவை விலையை ஏற்றும். கேட்க வேண்டியவை: 20 சதவீத வாட் வரி சேர்ந்ததா? அடிக்கட்டையை அரைப்பது சேர்ந்ததா? பெரும்பாலும் சேராது. கழிவை அகற்றுவது சேர்ந்ததா?

தாள்களில் மூன்றைப் பாருங்கள். பிறருக்கு நேரும் சேதத்துக்கான பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ், 50 லட்சம் பவுண்டு இருந்தால் நல்லது, தேதி முடிந்ததா என்றும் பாருங்கள். மரமேறி ரம்பம் இயக்கும் தகுதிச் சான்று. கழிவு ஏற்றிச்செல்லும் உரிம எண், இதை என்விரான்மென்ட் ஏஜென்சி தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். கடைசியை யாரும் கேட்பதில்லை. உங்கள் கிளைகளை அவர் காட்டுப்பாதையில் கொட்டிவிட்டுப் போனால் வீட்டுக்காரருக்கும் 600 பவுண்டு வரை தண்டம் வரலாம். ஆர்பரிகல்ச்சரல் அசோசியேஷன் தன் அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடுகிறது, அங்கிருந்து தொடங்குவது நல்லது.

அனுமதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்பவரிடம் விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். கவுன்சில் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் விண்ணப்பம் வரும். வராவிட்டால் அவரும் வர வேண்டாம்.

வேலை நடக்கும் நாளில் வீட்டில் இருங்கள், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். இரண்டு மீட்டர் என்றால் இரண்டு மீட்டர். ஐந்து மீட்டர் வெட்டினால் அனுமதி இருந்தும் குற்றம்தான்.

8. எந்த மாதம்?

பறவைகள் கூடு கட்டுவது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. பயன்பாட்டில் உள்ள கூட்டைக் கலைப்பது குற்றம். வௌவால் தங்கும் பொந்து ஆண்டு முழுவதும் பாதுகாக்கப்பட்டது, அன்றைக்கு உள்ளே வௌவால் இல்லாவிட்டாலும்.

ஓக், பிளேன் போன்றவற்றுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வசதி. அதற்கு அக்டோபர் தொடக்கத்தில் விண்ணப்பம் உள்ளே போக வேண்டும். செர்ரி, பிளம் வகைகளைக் கோடையில் வெட்டுங்கள். குளிரில் வெட்டினால் சில்வர் லீஃப் பூஞ்சை காயத்தின் வழியே ஏறும். பிர்ச், மேப்பிள், வால்நட் பிப்ரவரி, மார்ச்சில் வெட்டினால் சாறு வடியும். இவற்றைக் குளிர் தொடங்கும்போதே முடித்துவிடுங்கள், வால்நட்டை மட்டும் கோடை நடுவில்.

9. கட்டடம், டிரைவ்வே, சுவர் விரிசல்

வீட்டை நீட்டிக் கட்டப்போகிறவர்கள் கவனிக்க. முழு பிளானிங் அனுமதியில் மரம் அகற்றுவது சேர்ந்திருந்தால் டி.பி.ஓ.வுக்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். ஆனால் பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்ற பெயரில், தனி அனுமதி கேட்காமலே கட்ட விதி இடம் தரும் நீட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. அடித்தளம் தோண்டும்போது வேர் வந்தால் வேலை நின்றுவிடும். கட்டுமானத்துக்கான தரநிலை பி.எஸ். 5837, மரத்தைச் சுற்றித் தோண்டக்கூடாத வட்டத்தின் ஆரத்தை அடிமர விட்டத்தைப் போல் 12 மடங்கு என்கிறது. 50 சென்டிமீட்டர் மரத்துக்கு 6 மீட்டர். வரைபடக்காரரை அழைக்குமுன் நாடாவோடு ஒருமுறை தோட்டத்தில் நடந்து பாருங்கள்.

வாசலில் கார் ஏற்ற நடைபாதைக் கல்லை இறக்கித் தரக் கேட்டால், தெருமரம் கிட்டே இருந்தால் மறுப்பார்கள். எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பரோவுக்குப் பரோ மாறும். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது, ஆகவே பணம் கட்டுமுன் அந்த விதியைப் படியுங்கள். முன்தோட்டத்தைக் கான்கிரீட் போட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம் அழுகிறார்கள்.

லண்டனின் களிமண் கோடையில் சுருங்கும். வேர் ஈரத்தை உறிஞ்சினால் இன்னும் சுருங்கும், சுவர் விரியும். விரிசலைக் கண்டதும் மரத்தை வெட்டாதீர்கள், முதலில் வீட்டு இன்ஷூரன்ஸுக்கு அறிவியுங்கள். பழைய மரத்தை ஒரேயடியாக எடுத்தால் களிமண் மறுபடி நீர் குடித்து உப்பி, வீட்டைக் கீழிருந்து தூக்கும் ஆபத்தும் உண்டு. டி.பி.ஓ. விண்ணப்பத்துக்குப் பொறியாளர் அறிக்கை, மண் பரிசோதனை, குழியில் கிடைத்த வேர் எந்த மரத்தினது என்ற ஆய்வு, பருவங்களைத் தாண்டி எடுத்த விரிசல் அளவீடு எல்லாம் வேண்டும். அளவீட்டுக்கே ஓராண்டு ஆகும். இவற்றை இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஏற்பாடு செய்யும், நீங்களாகச் செலவு செய்ய அவசரப்பட வேண்டாம்.

10. மறுத்துவிட்டால்

முதலில் ட்ரீ ஆபீசரிடம் பேசுங்கள். அகற்றுவதை மறுத்தவர் 2 மீட்டர் குறைப்பதற்குச் சம்மதிக்கக்கூடும். அப்படியானால் புது விண்ணப்பம் போடுவது மேல்முறையீட்டைவிட வேகம். மேல்முறையீடு என்றால் முடிவு வந்து 28 நாளுக்குள் அரசின் மேல்முறையீட்டு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு, கட்டணமில்லை. அங்கே பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த தாள்களை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள், புதுச் சான்று சேர்க்க இடம் குறைவு. அதனால்தான் நான்காம் படியில் அவ்வளவு வற்புறுத்தல்.

மறுப்பினால் நேர்ந்த இழப்புக்கு ஓராண்டுக்குள் கவுன்சிலிடம் நஷ்டஈடு கேட்கலாம், 500 பவுண்டுக்குக் குறைந்த தொகைக்கு அல்ல. வீட்டின் விலை குறைந்துவிட்டது என்பதற்குக் கிடைக்காது.

11. வேலை முடிந்த பிறகு

அகற்ற அனுமதித்த கடிதத்தில் மாற்று மரம் நட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். இனம், கன்றின் அளவு, இடம், கெடு எல்லாம் எழுதியிருக்கும். செத்த டி.பி.ஓ. மரத்தை எடுத்தாலும் பொதுவாக மாற்று நட வேண்டிய கடமை உண்டு, அந்தக் கன்றுக்கும் பாதுகாப்பு தொடரும். நடும் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. குழி வேர்ப்பந்தின் ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழப் புதைத்த கன்றின் பட்டை மண்ணுக்குள் அழுகும். முதல் இரண்டு மூன்று கோடைகள், மே முதல் செப்டம்பர் வரை, வாரம் 50 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தினம் ஒரு செம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், வேர் கீழே போகாது.

அனுமதிக் கடிதம், வேலைக்கான பில், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கழிவு உரிம எண் ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டை விற்கும்போது நிரப்பும் விவரப் படிவத்தில் டி.பி.ஓ. மரம் உண்டா, விதிப்படி நடந்தீர்களா என்று கேட்பார்கள். வாங்குபவரின் சொலிசிட்டர் அந்தத் தாள் வராமல் கையெழுத்துக்கு விடமாட்டார்.